வானத்துக்கு ஒரு லாரிக் கதவு

கேமராவை ஸ்டாண்டுல மாட்டி ராத்திரி வானத்தை போட்டோ எடுத்துப் பார்த்திருக்கீங்களா பாஸ்? 'இருபது செகண்டு ஷட்டரைத் திறந்து வை, நிறைய நட்சத்திரம் விழும்'னு யாராவது சொல்லியிருப்பாங்க. விழும்தான். ஆனா புள்ளியா விழாது, கோடு கோடா விழும். "ஸ்டாண்டை ஆட்டிட்டியேடா"ன்னு பக்கத்துல நின்ன ஃப்ரெண்டைத் திட்டாதீங்க. ஆடினது ஸ்டாண்டு இல்லை, பூமி!

பூமி ஒரு முழுச் சுத்து சுத்த 23 மணி 56 நிமிஷம் 4 விநாடி எடுத்துக்குது. ஒரு டிகிரியை 3,600 துண்டா வெட்டுங்க. அந்தத் துண்டுல 15 துண்டு தூரம் ஒவ்வொரு விநாடியும் வானம் நகரும். 50 மில்லிமீட்டர் லென்ஸ் போட்ட சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராவுல அது விநாடிக்குக் கிட்டத்தட்ட ஒரு பிக்செல். ரெண்டு நிமிஷம் திறந்து வெச்சா நூறு பிக்செல் நீளத்துக்கு ஒவ்வொரு நட்சத்திரமும் இழுத்துக்கிட்டுப் போகும். மங்கலான நெபுலா எல்லாம் வேணும்னா ரெண்டு நிமிஷம் திறந்தே ஆகணும். என்ன வழி? பூமி சுத்துற வேகத்துலயே கேமராவை எதிர்ப்பக்கம் திருப்பணும். அவ்வளவுதான் விஷயம். அந்த 'அவ்வளவுதான்'க்காக சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவுல நான் அலைஞ்ச கதைதான் இது. கூடவே வாங்க.

ஆசை வந்தது எப்போன்னு கரெக்டா சொல்ல முடியும். 2012. தமிழ்நாடு பூரா கரண்ட் கட். சென்னையைத் தவிர மத்த ஊர்ல ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் இல்லாத காலம். சேலத்துல எங்க தெருவே மொட்டை மாடியிலதான் தூங்கும். எனக்கு ஏழாங்கிளாஸ் அரைப்பரீட்சை. புக்கை மூடி வெச்சுட்டு மல்லாந்து படுத்தா, மேல மாவு கொட்டின மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை. "பாட்டி, மேகமா அது?" "மேகம் இல்ல சாமி, அது எப்பவுமே அங்கதான் இருக்குது. லைட்டு எரிஞ்சா தெரியாது." கரண்ட் வந்துச்சு. அதுக்கப்புறம் அந்தப் பட்டையை எங்க மாடியிலிருந்து நான் பார்க்கவே இல்லை. (கரண்ட் கட் திரும்ப வரணும்னு வேண்டிக்கிட்ட ஒரே ஜீவன் நானாத்தான் இருப்பேன். அடிக்க வராதீங்க!)

காலேஜ் முடிச்சு வேலைக்குப் போன பிறகு கேமரா பக்கம் திரும்பினேன். நட்சத்திரத்தைத் துரத்துற ரெடிமேட் மோட்டார் மவுன்ட் என்ன விலைன்னு பார்த்தா, இருபத்தஞ்சாயிரம், முப்பதாயிரம்னு ஆரம்பிக்குது. அப்பதான் அந்த ஸ்காட்லாந்துக்காரரைப் பத்திப் படிச்சேன். ஜார்ஜ் ஹெய்க். 1975ல 'ஸ்கை அண்ட் டெலஸ்கோப்' பத்திரிகையில அவரோட ஐடியா வந்துச்சு. ரெண்டு பலகை, ஒரு கீல், ஒரு போல்ட். புஸ்தகம் மாதிரி ரெண்டு பலகையையும் கீலால சேர்க்கணும். கீல் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து இருக்கணும். மேல் பலகையில கேமரா. கீழ் பலகை வழியா ஏறுற போல்ட்டைத் திருகத் திருக, மேல் பலகை பூமியோட வேகத்துல திறக்கும். வெள்ளைக்காரங்க இதுக்கு வெச்ச செல்லப்பேர், தானியக் கொட்டகைக் கதவு. நம்ம ஊர்ல கொட்டகைக்கு ஏது கீல் போட்ட கதவு? ஆனா லாரிக்கு உண்டே!

அந்த யோசனை அப்புறம் வந்தது. முதல்ல நான் போனது செவ்வாய்ப்பேட்டை. பேரைக் கேட்டு கிரகத்துக்கும் இதுக்கும் ஏதோ சம்பந்தம்னு நினைக்காதீங்க. சேலத்துக்காரங்க மொத்தமா சாமான் வாங்குற பேட்டை, அவ்வளவுதான். ஹார்டுவேர் கடையில எம்6 த்ரெடு ராடு ஒண்ணு, நட்டு நாலு, கதவுக் கீல் ரெண்டு, முக்கால் இஞ்ச் ப்ளைவுட் துண்டு. கடைக்காரர், "கதவு எந்த சைஸுங்க தம்பி?"ன்னு கேட்டார். "வானம் சைஸுங்க"ன்னு சொல்லத் தைரியம் இல்லை.

எம்6ன்னு குறிப்பா கேட்டதுக்குக் காரணம் இருக்கு. அந்த ராடுல ஒரு சுத்துக்கு நட்டு சரியா ஒரு மில்லிமீட்டர் நகரும். நிமிஷத்துக்கு ஒரு சுத்து சுத்துற மோட்டாரை அதுல மாட்டினா, நிமிஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர். அந்த வேகம் பூமியோட வேகத்துக்குச் சமமாகணும்னா, கீலோட மையத்துக்கும் ராடோட மையத்துக்கும் நடுவுல 22.86 சென்டிமீட்டர் இருக்கணும். கால்குலேட்டர்ல நீங்களே போட்டுப் பாருங்க. பள்ளிக்கூடத்து ரேடியன் கணக்குதான். "இதெல்லாம் வாழ்க்கையில எங்க சார் உதவப்போகுது?"ன்னு கேட்டோமே, இங்கதான்.

மோட்டார்? 28 பி.ஒய்.ஜே. 48னு ஒரு குட்டி ஸ்டெப்பர் மோட்டார். உங்க காலேஜ் ப்ராஜெக்ட்ல பாதிப்பேர் இதைத்தான் தொட்டிருப்பீங்க. டிரைவர் போர்டோட சேர்த்து சில நூறு ரூபாய். ஒரு ஆர்டுயினோ போர்டு, ஒரு பவர் பேங்க். ப்ரோகிராம் இருபது வரி. இதுல ஒரு சூட்சுமம். உள்ள இருக்குற கியர் 64க்கு 1னுதான் எல்லாரும் எழுதுறாங்க. நிறைய மோட்டார்ல உண்மையான கணக்கு 63.68. அரை சதவீதம் வேகம் மாறிடும். ரெண்டு நிமிஷ போட்டோவுல அரை பிக்செல்தானே, போகட்டும்னு 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு விட்டுடலாம். பெரிய லென்ஸ் போட்டீங்கன்னா அந்த அரை சதவீதம் உங்க முகத்துல கரியைப் பூசும்.

எல்லாத்தையும் மாட்டி மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போனேன். ரெண்டு நிமிஷம் எடுத்தேன். பார்த்தா கோடு முன்னைவிட ரெண்டு மடங்கு நீளம்! ஒரு வாரம் ப்ரோகிராமைக் குடைஞ்சேன். ப்ரோகிராம்ல தப்பே இல்லை. நான்தான் கீலை வலதுபக்கம் வெச்சிருக்கேன். வடக்கே பார்த்து நின்னா கீல் இடதுகைப் பக்கம் வரணும், வலதுகைப் பக்கம் பலகை மேல எழும்பணும். மாத்தி வெச்சதால, வானம் ஒரு பக்கம் ஓட, கேமரா அதுக்கு நேர் எதிர்ல ஓடியிருக்கு. சிரிச்சுக்கங்க. ஆனா நீங்க செய்யும்போது இதை மறந்துடாதீங்க.

திருப்பி மாட்டியும் சரியாகலை. இந்தத் தடவை நட்சத்திரம் கோடா இல்லை, புழு மாதிரி நெளிஞ்சது. கீல் ஆடுது. கடைக் கீல்ல ஊசிக்கும் ஓட்டைக்கும் நடுவுல ஒரு நூல் இடைவெளி இருக்கும். வீட்டுக் கதவுக்கு அது போதும். பிக்செல் கணக்குல அது பேராழி. "கீலுன்னா நாமக்கல் போடா. லாரி பாடி கட்டுறவன்கிட்ட போய்க் கேளு"ன்னு மாமா சொன்னார்.

சேலம் புது பஸ் ஸ்டாண்டுல ஏறினா நாமக்கல் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். காஷ்மீர்ல கிளம்பி கன்னியாகுமரி வரைக்கும் ஓடுற 44ஆம் நம்பர் நெடுஞ்சாலையில ஒரு துண்டு. சேலத்தைச் சுத்தி எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. வடக்கே நகரமலை, சேர்வராயன். தெற்கே ஜருகுமலை. மேற்கே கஞ்சமலை. மல்லூர் தாண்டினதும் நிலம் விரியும். ஆண்டகளூர் கேட்ல பாதி பஸ் காலியாகும், எல்லாம் ராசிபுரம் கூட்டம். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மரவள்ளிக்காடு, நீளநீளமா கோழிப்பண்ணை, நடுவுல வெள்ளையா ஜவ்வரிசி காயப்போட்ட சேகோ ஃபேக்டரிக் களம். ஜன்னல் சீட்டுல உக்காந்து அந்தக் களத்தைப் பார்த்துக்கிட்டே போனேன். ஏன் பார்த்தேன்னு அப்புறம் சொல்றேன்.

நாமக்கல் பட்டறைகளை நீங்க பார்க்கணும். ஊரே ஒற்றைப் பாறையைச் சுத்தி உக்காந்திருக்கு. அந்தப் பாறை நிழலைத் தாண்டினா வெறும் சேஸிஸ் வரிசை. எலும்புக்கூடா வர்ற வண்டிக்கு இங்க சட்டை போட்டு, பொட்டு வெச்சு, பூ வரைஞ்சு அனுப்புவாங்க. நாடு பூரா ஓடுற லாரியில பல ஆயிரம் வண்டிக்கு இதுதான் பிறந்த ஊர். வெல்டிங் பொறி, மரத்தூள், பெயின்ட் வாசனை. நான் போன பட்டறையோட அண்ணன் என் ப்ளைவுட்டைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன கண்ணு, பொட்டிக்கு மூடியா?"

"இல்லீங்கண்ணா, கேமரா ஸ்டாண்டு."

"எத்தனை கிலோ தாங்கோணும்?"

"ஒன்றரை கிலோங்க."

பட்டறையே சிரிச்சுது. இருபது டன் ஏத்துற வண்டிக்குக் கீல் போடுற கைகள் அது. "அப்ப இந்தக் கீலே போதுமே?"ன்னார். நான் லேப்டாப்பைத் திறந்து அந்தப் புழு போட்டோவைக் காட்டினேன். கிட்ட வந்து பார்த்தவர் சிரிப்பை நிறுத்திட்டார். "ஆட்டம் இருக்குது" - அவ்வளவுதான் சொன்னார். என் கணக்கு எதையும் அவர் கேட்கலை. படத்தைப் பார்த்தே கீலோட வியாதியைச் சொல்லிட்டார்.

அடுத்த ரெண்டு மணி நேரம் நான் வேடிக்கை பார்த்தேன். ஊசிக்குப் பதிலா ஒரு சின்ன இரும்புக் குழாய். ரெண்டு முனைக்கும் பித்தளையில புஷ். பக்கத்து லேத்துல அந்த புஷ்ஷைக் கடைஞ்சு, குழாயைச் சொருகி, சுத்திப் பார்த்து, மறுபடி கழட்டி, மறுபடி கடைஞ்சு. கடைசியில எண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் கையில குடுத்தார். பலகை வெண்ணெய் மாதிரி திறக்குது, ஒரு மயிரிழை ஆட்டம் இல்லை. குழாய் போட்டதுல இன்னொரு லாபம். அந்த ஓட்டை வழியாவே துருவ நட்சத்திரத்தைப் பார்த்துக் குறி வைக்கலாம்.

"எந்தச் சாய்வுல நிக்கோணும்?"னு அடுத்த கேள்வி. "பதினொன்றரை டிகிரிங்கண்ணா." "அவ்வளவு படுத்தா?"

ஆமா, அதுதான் நம்ம ஊர் விசேஷம். நீங்க எந்த அட்சரேகையில நிக்கிறீங்களோ, துருவ நட்சத்திரம் அடிவானத்துலருந்து ஏறக்குறைய அதே டிகிரி உயரத்துல தெரியும். லண்டன்காரனுக்கு 51 டிகிரி, அண்ணாந்து பார்த்தா போதும். நாமக்கல்லுக்கு 11.2, ராசிபுரத்துக்கு 11.5, சேலத்துக்கு 11.7. வெளிநாட்டுப் படங்கள்ல இந்த மவுன்ட் கம்பீரமா சாய்ஞ்சு நிக்கும். நம்ம ஊர்ல செஞ்சா படுத்துத் தூங்குற மாதிரி இருக்கும். அதுதான் சரி. படத்தைப் பார்த்து அப்படியே காப்பி அடிச்சா கோவிந்தா!

இது என்னோட கண்டுபிடிப்பு இல்லை. ஜவ்வாது மலையில காவலூர் கேள்விப்பட்டிருப்பீங்க. வேணு பாப்பு அந்த மலையைத் தேடிப் பிடிச்சு, 1968ல ஒரு 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோட ஆரம்பிச்ச இடம். அதுவும் சொந்தப் பட்டறையிலயே செஞ்சது. 1977ல யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருக்குன்னு உலகம் கண்டுபிடிச்சப்போ, காவலூரோட ஒரு மீட்டர் தொலைநோக்கியும் அந்த ராத்திரி கண்ணை முழிச்சுக்கிட்டு இருந்துச்சு. அங்க இப்போ இருக்குற பெரிய தொலைநோக்கிக்கு 2.34 மீட்டர் கண்ணாடி. 1986 ஜனவரியில ராஜீவ் காந்தி அதை நாட்டுக்கு அர்ப்பணிச்சார். அதைக் கனவு கண்ட பாப்பு 1982லயே போய்ச் சேர்ந்துட்டார். காலேஜ் டூர்ல நான் அதைப் பார்த்தப்போ, குதிரை லாடம் மாதிரி ஒரு பிரம்மாண்ட வளையத்துல, ஒரு பக்கம் லேசா தூக்கிப் படுக்க வெச்ச மாதிரி ஏன் இருக்குன்னு புரியலை. காவலூர் 12.6 டிகிரி. அதோட சுழல் அச்சும் துருவ நட்சத்திரத்தைத்தான் பார்க்குது. அதனாலதான் அந்தப் படுக்கை. என் ப்ளைவுட்டும் அந்த ராட்சசனும் ஒரே சாய்வுக் குடும்பம்னு பட்டறையில நிக்கும்போதுதான் உறைச்சது.

அண்ணன் ஆங்கிள் இரும்புல ஒரு சாய்வு மேடை அடிச்சார். ஒரு அடி நீளத்துக்குக் கிட்டத்தட்ட ரெண்டரை அங்குலம் ஏத்தம். காசு எவ்வளவுன்னு கேட்டேன். "காசு கிடக்குது. எங்க வெச்சு எடுப்பீங்க? சொல்லு, நானும் வாறேன்"னார்.

அவர் பட்டறை போடுறதுக்கு முன்னாடி லாரியில கிளீனர். நாக்பூர் ட்ரிப். தார்ப்பாய் மேல படுத்துக்கிட்டே போனதுண்டாம். "வரிசையா மூணு மீனு வருமே, அது மேல வந்தா டிரைவரை எழுப்போணும். அதான் எனக்கு வாட்சு." பட்டறையில ராத்திரி வெளிச்சத்துக்கு ஃபோகஸ் லைட் போட்டதுலருந்து அந்த மூணு மீனைப் பார்த்தே வருஷமாச்சாம்.

இனிமே களத்துக்கு வரலாம். ஜவ்வரிசி காயுற சிமென்ட் களம் மாதிரி வானம் பார்க்க இடம் கிடையாதுங்க. பகல் பூரா வெயில் விழணும்னு சுத்தி ஒரு மரம் வைக்க மாட்டாங்க. நாலு பக்கமும் அடிவானம் வரைக்கும் திறந்த மைதானம். ராசிபுரத்துலருந்து நாமகிரிப்பேட்டை போற வழியில, தெரிஞ்சவங்க ஃபேக்டரிக் களம் ஒண்ணைக் கேட்டு வாங்கினோம். வடக்கே போதமலை, தென்கிழக்கே கொல்லிமலை. மலை பக்கத்துல இருந்தா நல்லதுன்னு கிட்டக்கப் போயிடாதீங்க. நமக்குத் துருவ நட்சத்திரம் 11 டிகிரியிலதானே? ஆயிரம் மீட்டர் எழும்புற மலைன்னா, அதுலருந்து அஞ்சு கிலோமீட்டராவது தள்ளி நிக்கணும். இல்லைன்னா நட்சத்திரம் மலைக்குப் பின்னால போயிடும். லண்டன்காரனுக்கு இந்தக் கவலையே கிடையாது.

கேமரா யாரோடதுன்னு சொல்லலையே? கல்யாண வீடியோ எடுக்குற ஃப்ரெண்டோடது. "முகூர்த்தம் இல்லாத நாளா பார்த்து வாங்கிக்கடா"ன்னான். யோசிச்சுப் பாருங்க. நமக்கு நிலா இல்லாத ராத்திரி வேணும். அமாவாசையில யாரும் கல்யாணம் வைக்க மாட்டாங்க. மழை முடிஞ்சு வானம் துடைச்ச மாதிரி இருக்கணும். அது மார்கழி. மார்கழி பூராவும் கல்யாணம் கிடையாது! பஞ்சாங்கம் எழுதினவர் நமக்காகவே எழுதியிருக்கார் பாஸ்.

அந்த மார்கழி அமாவாசை நாமக்கல்ல அனுமன் ஜெயந்தி. பதினெட்டு அடி ஆஞ்சநேயருக்கு 1,00,008 வடையில மாலை. ஊரே திரண்டு நிக்குது. அந்தக் கூட்டத்தை நீந்தி அண்ணன் டி.வி.எஸ். ஃபிஃப்டியில களத்துக்கு வந்து சேர்ந்தப்போ மணி எட்டரை. காலடியில ஒரு லாரி பேட்டரி! "மோட்டாருன்னியே கண்ணு?" என் மோட்டார் விரல்கட்டை சைஸ். பவர் பேங்கைக் காட்டினேன். கொஞ்சம் ஏமாந்துதான் போனார்.

மேடையைத் தரையில வெச்சு ரசமட்டம் பார்த்தோம். களம் தண்ணி ஓடுறதுக்காக லேசா சரிஞ்சிருக்கும், அதனால அடியில அட்டை வெச்சு சரி பண்ணணும். அப்புறம் குழாய் வழியா துருவ நட்சத்திரம். பதினொன்றரை டிகிரின்னா சும்மா இல்லை. சிமென்ட்ல குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில ஒட்டினாத்தான் கண்ணு குழாய்க்கு வரும். சாஷ்டாங்க நமஸ்காரம்! வடக்குப் பக்கம் பனிமூட்டம். அதுக்குள்ள மங்கலா ஒரே ஒரு புள்ளி. பத்து நிமிஷம் பார்த்தேன், துளி நகரலை. நகராத நட்சத்திரம் ஒண்ணுதானே? குறி வெச்சு, நட்டை இறுக்கி, எடுத்தேன். ரெண்டு நிமிஷம். பன்னெண்டு பிக்செல் கோடு. மறுபடி. அதே கோடு.

அண்ணன் என்னைத் தள்ளிப் படுக்கச் சொல்லிட்டு குழாய் வழியா பார்த்தார். "தம்பி, நட்சத்திரம்னா சிமிட்டும்ல?" "ஆமாங்கண்ணா." "இது சிமிட்டலையே." நான் பதில் யோசிக்கிறதுக்குள்ள என் துருவ நட்சத்திரம் பொசுக்குன்னு அணைஞ்சு போச்சு. வடகிழக்கே மலைச்சரிவுல யாரோ ஒரு புண்ணியவான் லைட்டை அணைச்சுட்டுத் தூங்கப் போயிட்டார்!

கல்யாண மேடையில பட்டப்பகல்ல அருந்ததி பார்க்கலையா, அது மாதிரி ஆயிடுச்சு என் நிலைமை. அப்புறம் ஒழுங்கா செஞ்சேன். வடமேற்குல ஆங்கில டபிள்யூ எழுத்து மாதிரி அஞ்சு நட்சத்திரம் நிக்கும். அதோட நடு முனை காட்டுற பக்கமா கண்ணை இறக்கிக்கிட்டே வந்தா, தனியா ஒண்ணு. மலைச்சரிவுலருந்து நல்லா இடதுபக்கம் தள்ளி. லேசா சிமிட்டுது. இது அசல்.

மோட்டாரை ஓடவிட்டு, கேமராவை ஓரியன் பக்கம் திருப்பினேன். அண்ணனோட அந்த மூணு மீன், அதுக்குக் கீழ தொங்குற சின்ன வாள். ரெண்டு நிமிஷம். டிக்... டிக்... டிக்னு மோட்டார் சத்தம் மட்டும். தூரத்துல நாய். ஷட்டர் மூடினதும் ஸ்க்ரீன்ல பெருசு பண்ணிப் பார்த்தேன். புள்ளி. எல்லாமே புள்ளி. வாளோட நடுவுல ரோஸ் கலர்ல பூ மாதிரி ஒரு புகை. ஆயிரத்து முந்நூறு ஒளியாண்டு தூரத்துல நட்சத்திரங்கள் பிறக்குற இடம் அது. ப்ளைவுட், பித்தளை புஷ், ரெண்டு ஆளு. நான் கத்தினதுல வாட்ச்மேன் ஓடி வந்துட்டார்.

அண்ணன் கத்தலை. ஸ்க்ரீனை வெச்ச கண் வாங்காம பார்த்துக்கிட்டே இருந்தார். "இத்தனை வருஷம் இது அங்கயே இருந்துச்சா? அந்த மூணு மீனு கிட்டயே?" பாட்டி ஞாபகம் வந்துச்சு எனக்கு.

அதுக்கப்புறம் வேலை சுலபம். ரெண்டு ரெண்டு நிமிஷமா முப்பது படம். எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக்கலாம். டீப்ஸ்கைஸ்டேக்கர்னு இலவச சாஃப்ட்வேரே இருக்கு. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ராடைப் பின்னால திருகி பலகையை மூடிடணும். ராடு நேரா இருக்கறதால, பலகை ரொம்பத் திறந்தா வேகம் தப்பும். பத்து நிமிஷம் வரைக்கும் அந்தத் தப்பு ஒரு பிக்செல்லுக்குள்ள. அரை மணி விட்டீங்கன்னா ஒன்பது பிக்செல். பதினோரு மணிக்கு லென்ஸ்ல பனி படிஞ்சுது. அண்ணனோட மஃப்ளரைச் சுத்தி, உள்ள ஃப்ளாஸ்க் டீ டம்ளரை ஒட்டி வெச்சுத் துடைச்சோம். பிராண்டட் ஹீட்டர் எல்லாம் அப்புறம் வாங்கிக்கலாம்.

பன்னெண்டு மணி வாக்குல தெற்கே அகத்திய நட்சத்திரம் உச்சிக்கு வந்துச்சு, 26 டிகிரி உயரத்துல. லண்டன்காரன் ஜென்மத்துக்கும் அவன் ஊர்லருந்து இதைப் பார்க்க முடியாது. துருவ நட்சத்திரத்துக்கு நாம சாஷ்டாங்கமா விழுறோம்ல, அதுக்குப் பதிலா நமக்குக் கிடைக்கிற தெற்கு வானம் இது. விடியக்காலம் நாலரைக்குத் தெற்குச் சிலுவையும் கரீனா நெபுலாவும் வரும். உசந்தா 19 டிகிரிதான். ஆனா வரும். அதுக்காகத்தான் தூங்காம உக்காந்திருந்தோம்.

நாலு மணிக்குக் கிழக்கே ஒரு வரிசை லைட். அப்புறம் தெற்கே ஒரு வரிசை. அப்புறம் இன்னொண்ணு. கோழிப்பண்ணை. முட்டைக்கோழிக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 16 மணி நேரம் வெளிச்சம் வேணும். பகல் பன்னெண்டு மணி நேரம்தான்கிறதால மீதியை விடியறதுக்கு முன்னாடி பல்பு குடுக்குது. கோழி மேல தப்பில்லை, பண்ணைக்காரர் மேலயும் தப்பில்லை. நாம சாப்பிடுற ஆம்லெட்டுக்கு வானம் குடுக்கிற விலை. ஆனா சிலுவை எழும்புற அதே இடத்துல பனியோட சேர்ந்து மஞ்சளா ஒரு படலம் ஏறுது. சிலுவையோட நாலு நட்சத்திரத்துல மூணு கண்ணுக்குத் தெரிஞ்சுது. கரீனாவை ஆறு படம் எடுத்தேன். ஆறும் மஞ்சள். நெபுலா இருக்க வேண்டிய இடத்துல டீத்தூள் சிந்தின மாதிரி ஒரு கறை.

தென்கிழக்கே கொல்லிமலை கறுப்பா நின்னுது. 2024ல அந்த மலையோட அரியூர் சோலைக் காட்டுல தமிழ்நாட்டோட முதல் இருள் வானப் பூங்கா அமைக்க அரசு ஒரு கோடி ரூபாய் ஒதுக்குச்சு. இருட்டைக் காப்பாத்த ஒரு கோடி! 2012ல இருட்டு இலவசமாவே கிடைச்சுது. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினா மேல இன்னும் இருட்டு இருக்கு. மார்கழியில மேகம் இறங்கிடும்கிறதாலதான் நாங்க அந்த ராத்திரி சமவெளியில இருந்தோம். மாசியில ஏறிப் பாருங்க. பகல்லயே ஏறிடுங்க, ராத்திரி பைக்ல வேணாம்.

அஞ்சரைக்கு சாமானை மூட்டை கட்டினோம். அண்ணன் கேட்டார்: "எங்க பட்டறை மாடியில இதை வெச்சா அந்தப் பூ தெரியுமா கண்ணு?"

"ஃபோகஸ் லைட்டு மேல பார்த்து எரியுதுங்கண்ணா. தெரியறது கஷ்டம்."

அவர் ஒண்ணும் சொல்லலை. பேட்டரியை எடுத்து வண்டியில வெச்சுக்கிட்டுக் கிளம்பிட்டார்.

பொங்கல் கழிச்சு ஒரு போன். பட்டறை லைட்டுக்குத் தகரத்துல மூடி வெட்டி மாட்டியிருக்காராம். வெளிச்சம் இப்ப தரைக்கு மட்டும்தான் விழுதாம், வேலைக்கும் முன்னைவிட நல்லாத்தான் இருக்காம். "பக்கத்துப் பட்டறைக்காரனும் நாலு கேக்கறான். தகரத்தை எத்தனை டிகிரி மடக்கட்டும்? கணக்குப் போட்டுச் சொல்லு. அமாவாசைக்குள்ள முடிச்சிருவேன்."